ஆடுகளமும் உள்ளமும்

போடிநாயக்கனூரில் பொழுது புலர்வதற்கு முன்பே ஊர் விழித்துவிடும். மேற்கே மலை இருளைப் போர்த்து நிற்க, அடிவாரத்துத் தெருக்களில் ஜீப்புகள் வரிசையாக வந்து நிற்கும். கையில் தூக்குச்சட்டியும் தலையில் சுற்றிய துண்டுமாகப் பெண்கள் அவற்றில் ஏறுவார்கள். போடிமெட்டுக்குச் செல்லும் வளைவுகளைக் கடந்து, ஏலத் தோட்டங்களில் காயெடுக்கச் செல்வார்கள். அதே வேளையில், அதே சாலையின் ஓரத்தில், சிறுவர் சிறுமியர் சிலர் ஓட்டம் பழகுவதையும் காணலாம். மலைச் சரிவில் ஓடிப் பழகிய கால்களுக்குச் சமதரை ஒரு பொருட்டன்று.

நான் பள்ளியில் படித்த நாளில் அவ்வாறு ஓடியவர்களுள் என் வகுப்புத் தோழன் ஒருவனும் இருந்தான். எங்கள் பள்ளியில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் அவனை வெல்ல ஒருவரும் இல்லை. ஆண்டு முழுதும் அவன் ஓடியதைப் பார்த்திருந்த நாங்கள், மாவட்டப் போட்டியில் அவனே முதல்வன் என்று உறுதியாக நம்பினோம். போட்டி நாள் வந்தது. பெருங்கூட்டம், ஒலிபெருக்கி, வண்ணக் கொடிகள். துப்பாக்கி ஒலித்ததும் அவன் அம்புபோலப் பாய்ந்தான். முதற்சுற்றிலேயே தன் வலிமை முழுவதையும் செலவிட்டுவிட்டான். இரண்டாம் சுற்றில் கால்கள் கனத்தன. இறுதியில், கடைசிக்கு முந்தியவனாக வந்து சேர்ந்தான். உடன் வந்த பெரியவர் ஒருவர், “நெஞ்சில் துணிவில்லாதவனுக்கு ஓட்டம் எதற்கு?” என்றார். அவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. அந்நாளில் எல்லாரும் சொல்லும் சொல்லைத்தான் சொன்னார். ஆனால் மறுநாள் முதல் என் தோழன் ஓடவில்லை.

பல ஆண்டுகள் கழித்து அவனை ஊரில் சந்தித்தேன். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்பை அவன் ஓட்டிக்கொண்டிருந்தான். அவனருகே அமர்ந்து மலை ஏறினேன். ஒருபுறம் பாறை, மறுபுறம் பாதாளம். “இந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் உனக்கு அச்சம் தோன்றுவதில்லையா?” என்று கேட்டேன்.

“பள்ளத்தைப் பார்த்தால்தானே பயம்? நான் வண்டி போகவேண்டிய தடத்தைப் பார்க்கிறேன்” என்றான்.

“அப்படியானால் அன்று ஓட்டத்தில் என்ன நேர்ந்தது?”

சற்று நேரம் பேசாதிருந்தான். “அன்று நான் ஓடுபாதையைப் பார்க்கவில்லையப்பா. கூட்டத்தைப் பார்த்தேன். தோற்றால் ஊருக்கு எந்த முகத்தோடு திரும்புவது என்று எண்ணினேன். எங்கே பார்க்கவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லையே” என்றான்.

மாணவ நண்பர்களே! எங்கே பார்க்கவேண்டும் என்று சொல்லித் தருவதற்கு ஒரு கலை உண்டு. ஓர் அறிவியலும் உண்டு. விளையாட்டு உளவியல் என்றும் உடற்பயிற்சி உளவியல் என்றும் அதனைக் கூறுவர். அதனைப் பயில்வது எவ்வாறு, தொழிலாகக் கொள்வது எவ்வாறு என்பனவற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இவ்வறிவியல் நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவில் இந்தியானாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்மன் டிரிப்லெட் என்பவர், மிதிவண்டிப் பந்தய வீரர்கள் தனியே ஓட்டும்போது எடுக்கும் நேரத்தையும், பிறரோடு போட்டியிட்டு ஓட்டும்போது எடுக்கும் நேரத்தையும் ஒப்பிட்டு நோக்கினார். பிறர் உடனிருக்க வேகம் மிகுவதைக் கண்டார். பின்னர் 40 குழந்தைகளைத் தூண்டில் நூல் சுற்றும் உருளையைச் சுழற்றச் செய்து, தனியாகவும் போட்டியாகவும் சோதித்தார். 1898-இல் வெளியிட்ட அவ்வாராய்ச்சியில் அவர் கண்டது யாது? போட்டியென்றதும் 20 குழந்தைகள் விரைவு பெற்றனர். 10 பேரிடம் பெரிய மாற்றமில்லை. எஞ்சிய 10 பேரோ முன்னிலும் தாழ்ந்தனர். அந்தப் பத்துக் குழந்தைகளையும் கோழைகள் என்று அவர் எழுதிவிடவில்லை. தூண்டுதல் அளவு மீறியதால் அவர்களுடைய கை தடுமாறியது என்றே விளக்கினார். என் தோழன் அந்தப் பத்துப் பேருள் ஒருவன். அவனிடம் குறைந்தது துணிவன்று, மிகுந்தது கிளர்ச்சி. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. துணிவில்லாதவனுக்கு ஊக்கவுரை உதவலாம். கிளர்ச்சி மிகுந்தவனுக்கு அதே ஊக்கவுரை எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியது போலாகும். இவ்வேறுபாட்டை அறிவதே இத்துறையின் முதற்பாடம்.

இரண்டாவது பாடத்தை நம் ஏலத்தோட்டத்திலேயே கற்கலாம். ஏலச்செடியில் காய் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து தரையோடு படரும் சரங்களில் காய்க்கிறது. குனிந்து அமர்ந்து, பிஞ்சை விட்டுவிட்டு, பதமான காயை மட்டும் பறிக்கவேண்டும். பல ஆண்டு பழகிய ஒரு தாய்க்கு விரல்கள் தாமே அவ்வேலையைச் செய்யும். வாய் அண்டையிலிருப்பவரோடு கதை பேசிக்கொண்டிருக்கும். “எந்த விரலால் எப்படிக் கிள்ளுகிறாய் என்று பார்த்துப் பார்த்துச் செய்” என்று கட்டளையிட்டால், அந்தக் கையே தடுமாறும். பழக்கத்தால் உடலுக்குள் இறங்கிவிட்ட திறமையை, அச்சத்தால் மீண்டும் அறிவின் காவலுக்குள் இழுத்து வரும்போது அது குலைகிறது. பெரிய ஆட்டத்தின் இறுதி நேரத்தில் கைதேர்ந்த வீரர் எளிய பந்தைத் தவறவிடுவதற்கு, ஆராய்ச்சியாளர் காட்டும் காரணங்களுள் இது முக்கியமானது.

இதற்குத் தீர்வு என்ன? மனத்தை வெறுமையாக்கு என்பது எளிது, செய்வது அரிது. மனத்துக்கு ஒரு சிறு வேலை கொடுப்பதே வழி. ஓடுபவனுக்குத் தன் மூச்சின் தாளம். வில்லாளிக்கும் துப்பாக்கி வீரனுக்கும் ஒவ்வொரு முறையும் மாறாத ஓர் ஒழுங்கு. பந்தடிப்பவனுக்குப் பந்தின் தையல். இவற்றோடு, போட்டியை முன்கூட்டியே மனக்கண்ணில் நடத்திப் பார்ப்பதும், ‘வெல்லவேண்டும்’ என்ற பெருங்குறியைச் ‘முதற்சுற்றை இத்தனை நொடியில் ஓடவேண்டும்’ என்பன போன்ற சிறு குறிகளாகப் பகுப்பதும், தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சொற்களைத் திருத்துவதும் பயிற்சிகளாம். இவை மந்திரங்களல்ல. தண்டால் எடுப்பதுபோல நாள்தோறும் பழகவேண்டியவை. போட்டிக்கு முந்தின இரவு தொடங்கினால் பயன் தாரா.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்றுகள் உண்டு. அபினவ் பிந்த்ரா 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் துப்பாக்கி சுடும் போட்டியின் இறுதிச்சுற்றில் ஏழாம் இடமே பெற்றார். அடுத்த நான்கு ஆண்டுகள் கையையும் கண்ணையும் பயிற்றியதோடு உள்ளத்தையும் பயிற்றினார். மூளையின் மின்னலைகளைக் கருவியில் கண்டு அமைதியைப் பழகும் முறையையும் மேற்கொண்டார். 2008-இல் பெய்ஜிங்கில், இறுதிக் குண்டுக்கு 10.8 புள்ளி பெற்று, தனிநபர் போட்டியில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை ஈட்டினார்.

உடல் அசையாத விளையாட்டிலும் உள்ளம் அசைகிறது. சென்னையைச் சேர்ந்த குகேஷ், 2024-ஆம் ஆண்டு இறுதியில் சிங்கப்பூரில் உலகச் சதுரங்க வாகையர் போட்டியில் சீனாவின் டிங் லிரெனை எதிர்த்தார். முதலாட்டத்திலேயே தோற்றார். பதினோராம் ஆட்டத்தில் வென்று முன்னணி பெற்றவர், அடுத்த ஆட்டத்திலேயே தோற்று அதனை இழந்தார். பதினெட்டு வயது இளைஞருக்கு அந்த இரவு எப்படிப்பட்டதாயிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆயினும் பதினான்காம் ஆட்டத்தை வென்று, டிசம்பர் 12 அன்று உலக வாகையரானார். அவருக்கு மனப்பயிற்சியில் துணைநின்றவர் தென்னாப்பிரிக்காவின் பேடி அப்டன். 2011-இல் உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடும் பணியாற்றியவர் அவர். வெற்றிக்கு அவரே காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆடியவர் குகேஷ். ஆனால் வெற்றி பெற்றவர்கள் இத்தகைய துணையை நாடுவதற்கு நாணவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும்.

இனி, இத்துறையில் நுழைய விரும்புவோர் அறியவேண்டிய எச்சரிக்கை ஒன்று. எல்லாத் தோல்வியையும் மனத்தின் மேல் ஏற்றிவிடக் கூடாது. நான் அறிந்த ஒரு மாணவி இரண்டாம் சுற்றில் ஓயாமல் தளர்ந்தாள். ‘மனவுறுதி போதாது’ என்றனர் சிலர். அவளைப் பார்த்த மருத்துவர் இரத்தத்தைச் சோதித்தார். இரத்தச் சோகை என்று கண்டார். காலையில் வெறும் தேநீர் அருந்திவிட்டு ஓடிய பிள்ளை அவள். அவளுக்கு வேண்டியிருந்தது மனப்பயிற்சியன்று. கீரையும் பயறும் இரும்புச்சத்து மாத்திரையும். ஆகவே, நல்ல விளையாட்டு உளவியலாளன் கேட்கும் முதல் கேள்வி, “என்ன நினைத்தாய்?” என்பதன்று, “என்ன சாப்பிட்டாய்? எத்தனை மணி நேரம் உறங்கினாய்? எங்கேனும் வலிக்கிறதா?” என்பனவே. அதுபோலவே, ஆழ்ந்த மனச்சோர்வையும் நோயையும் கண்டால் தானே மருத்துவம் பார்க்க முற்படாமல், மனநல மருத்துவரிடம் அனுப்பவேண்டும். தன் எல்லையை அறிவது இத்தொழிலில் பாதி நேர்மை.

வீரரின் நலம் முதலாவது, பதக்கம் இரண்டாவது என்பதும் மறக்கலாகாது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சைமோன் பைல்ஸ், 2021-இல் டோக்கியோவில், அந்தரத்தில் சுழலும்போது தம் உடல் எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வே தவறிப்போவதைக் கண்டு, குழுப் போட்டியின் இடையே விலகினார். தொடர்ந்திருந்தால் கழுத்து முறிந்திருக்கக் கூடும். இகழ்ந்தோரும் இருந்தனர். அவர் ஓய்ந்து, தேறி, 2024-இல் பாரிஸில் மூன்று தங்கம் வென்றார். விலகியதும் ஒரு திறமையே என்று அன்று உணர்ந்தோர் சிலர். பின்னர் உணர்ந்தோர் பலர்.

இத்துறையின் வரலாற்றில் தோல்வியும் உண்டு. அதிலிருந்து நாம் கற்கவேண்டும். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் கோல்மன் கிரிஃபித் என்னும் பேராசிரியர், 1925-இல் விளையாட்டு ஆராய்ச்சிக்கென ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். பயிற்சியாளருக்காக ஒரு நூலும் வீரருக்காக ஒரு நூலும் எழுதினார். ஆயினும் 1932-இல் ஆய்வுக்கூடம் மூடப்பட்டது. 1938-இல் சிகாகோ நகரத்துப் பேஸ்பால் அணி ஒன்று அவரைப் பணிக்கு அமர்த்தியது. அவர் அளந்தார், குறித்தார், அறிக்கை எழுதினார். ஆனால் அணியை நடத்தியவர்கள் அவரை நம்பவில்லை. அவர் கூற்றை ஏற்பாரும் இல்லை. அறிவு இருந்தது, உறவு இல்லை. களத்தில் நிற்பவர் வியர்வையை அறியாதவன் என்று அவர்கள் கருதிவிட்டால், எத்துணைப் பெரிய பட்டமும் பயன்படாது. 1965-இல் ரோம் நகரில் உலக விளையாட்டு உளவியலாளர் ஒன்றுகூடித் தமக்கென ஒரு சங்கம் நிறுவிய பின்னரே இத்துறை நிலைபெறலாயிற்று.

அப்படியாயின் பயில்வது எவ்வாறு? இவ்வீட்டுக்கு இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று உளவியல் வாயில். பள்ளியிறுதி முடித்தபின் மூன்றாண்டு உளவியல் இளங்கலை, அதன்பின் இரண்டாண்டு முதுகலை. மற்றொன்று உடற்கல்வி வாயில். ஒரு பட்டம் பெற்றபின் பி.பி.எட்., பிறகு எம்.பி.எட். எந்த வாயிலில் நுழைந்தாலும் மற்ற அறைக்குள்ளும் சென்று பழகவேண்டும். உளவியல் கற்றவன் தசையும் மூச்சும் இயங்கும் விதத்தையும், பயிற்சித் திட்டம் வகுக்கும் முறையையும் அறியவேண்டும். உடற்கல்வி கற்றவன் புள்ளியியலையும், மனத்தை அளக்கும் முறைகளையும், பிறர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்கும் கலையையும் பயிலவேண்டும்.

இடங்களுக்குக் குறைவில்லை. 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி சென்னை நந்தனத்தில் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உளவியலும் பாடமாகிறது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக் கல்லூரி உண்டு. வடக்கே 1957-இல் குவாலியரில் எழுந்த லட்சுமிபாய் நிறுவனமும், பயிற்சியாளரை ஆக்கும் பாட்டியாலா நிறுவனமும் புகழ்பெற்றவை. மணிப்பூரில் 2018-இல் நிறுவப்பட்ட தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகம், விளையாட்டு உளவியலில் முதுகலைப் படிப்பே நடத்துகிறது. போடியில் ஏல விவசாயிகள் சங்கத்தார் நிறுவிய கல்லூரியில் வேறொரு பட்டம் பெறும் மாணவனும் மனந்தளர வேண்டியதில்லை. முதற்பட்டத்துக்குப் பின்னும் இப்பாதையில் திரும்ப வழி உண்டு.

பட்டம் பெற்றுவிட்டால் போதுமா? போதாது. தேர்ந்த ஒருவரின் மேற்பார்வையில் சில ஆண்டுகள் பழகவேண்டும். மருத்துவ உளவியலாளர் என்ற பெயரோடு நோய் தீர்க்கும் பணியில் இறங்க விரும்பினால், அதற்கென அரசு ஏற்ற பயிற்சியும் பதிவும் தனியே வேண்டும். கல்லூரி ஆசிரியராக விரும்புவோர் தேசியத் தகுதித் தேர்விலும் முனைவர் பட்டத்திலும் கருத்துச் செலுத்தவேண்டும்.

வேலை வாய்ப்பைப் பற்றி உங்களுக்கு இனிப்பான சொற்களை மட்டும் சொல்லி அனுப்ப நான் விரும்பவில்லை. 1984-இல் தோன்றிய இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையங்களிலும், பெரிய அணிகளிலும், தனியார் பயிற்சிக் கழகங்களிலும் விளையாட்டு உளவியலாளர் பணிபுரிகின்றனர். ஆனால் இடங்கள் இன்னும் மிகுதியாக இல்லை. இத்துறையில் இருப்போர் பலர் உடற்கல்வி ஆசிரியராகவோ, விரிவுரையாளராகவோ, பள்ளி ஆலோசகராகவோ தொடங்கி, அப்பணியினூடே இதனை வளர்த்தவர்கள். ஏலச்செடி நட்டவுடன் காய்ப்பதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் நிழலும் நீரும் தந்து காத்திருக்கவேண்டும். இத்தொழிலும் அத்தகையதே. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர், ஒரே வாரத்தில் வீரனாக்குகிறேன் என்று விளம்பரம் செய்யும் போலிகளாகிவிடுகின்றனர். அவ்வழி வேண்டாம்.

வீரர்க்கு மட்டுமே இவ்வறிவு பயன்படும் என்று எண்ணாதீர்கள். இதன் மற்றொரு கிளை உடற்பயிற்சி உளவியல். நம் தெருவில் நீரிழிவு நோயாளர் ஒருவரிடம் மருத்துவர் நாள்தோறும் நடக்கச் சொல்கிறார். அவரும் புதுச் செருப்பு வாங்கிப் பத்து நாள் நடக்கிறார், பதினோராம் நாள் மழை தூறுகிறது, அன்றோடு நின்றுவிடுகிறார். நடப்பது நல்லது என்பதை அவர் அறியாதவரல்லர். அறிந்தும் ஏன் தொடரவில்லை? இதனை ஆராய்வதே இக்கிளையின் வேலை. வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடமும், பள்ளிப் பிள்ளைகள் சராசரியாக நாள்தோறும் 60 நிமிடமும் உடலை இயக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்தது. வகுத்தது எளிது, மக்களை நடக்கவைப்பதே கடினம்.

எட்வர்டு டெசி, ரிச்சர்டு ரயன் என்னும் இரு அறிஞர்கள், மனிதன் ஒரு செயலைத் தொடர்ந்து செய்வதற்கு மூன்று உணர்வுகள் வேண்டும் என்றனர்: ‘இது என் விருப்பம்’ என்பது ஒன்று, ‘இது என்னால் முடியும்’ என்பது ஒன்று, ‘என்னோடு பிறரும் இருக்கின்றனர்’ என்பது ஒன்று. காலை முதல் மாலை வரை சரிவில் ஏறி இறங்கும் தோட்டத் தொழிலாளிப் பெண்ணின் உடல் உழைப்பில் யாருக்கும் குறைந்ததன்று. ஆனால் அவ்வுழைப்பு அவள் விருப்பத்தால் விளைவதன்று. அவளுடைய மகள் மாலையில் தோழியரோடு கபடி ஆடும்போது பெறும் மலர்ச்சி வேறு. உழைப்பையும் விளையாட்டையும் ஒன்றாகக் கருதி, ‘ஏழைப் பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு?’ என்று கேட்போர்க்கு இவ்வாராய்ச்சி நல்ல விடை.

இறுதியாக ஒன்று. இத்தொழிலுக்கு வருவோர் கேட்டதைக் காக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும். ஒரு வீரர் தம் அச்சத்தை உங்களிடம் சொல்வார். அவரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் உடையவர், ‘அவன் என்ன சொன்னான்?’ என்று உங்களிடம் கேட்பார். உங்களுக்குச் சம்பளம் தருபவரும் அவராகவே இருக்கக்கூடும். அவ்வேளையில் வாய் திறவாதிருக்கும் உறுதி உமக்கு உண்டா என்பதே உண்மையான தேர்வு. ஒருமுறை அந்நம்பிக்கை உடைந்தால், அந்த ஆடுகளத்தில் பிறகு எவரும் உங்களிடம் மனம் திறக்கமாட்டார்.

என் தோழனிடம் விடைபெறும்போது, அவன் தன் மகளைப் பற்றிச் சொன்னான். அவளும் ஓடுகிறாளாம். சென்ற ஆண்டுப் போட்டிக்கு முந்தின நாள் முழுதும் அவளால் உண்ண இயலவில்லையாம். “அவளிடம் நான் கோழை என்று சொல்லவில்லை. ஆனால் வேறு என்ன சொல்வதென்றும் எனக்குத் தெரியவில்லை. இங்கே சொல்லித் தர ஆள் உண்டா?” என்று கேட்டான். நான் அறிந்ததை அன்று அவளுக்குச் சொன்னேன்: மெல்ல மூச்சு விடவும், முதற்சுற்றை மட்டும் எண்ணவும், கூட்டத்தை விட்டுத் தன் தடத்தை நோக்கவும் சொன்னேன். அவள் வென்றாளா என்று கேட்பீர்கள். அடுத்த போட்டியில் நான்காவதாக வந்தாள். மறுநாள் காலையிலும் ஓடப் போனாள். அந்த மறுநாள் ஓட்டமே எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

ஆயினும் ஊருக்கு எப்போதோ ஒருமுறை வந்து போகும் ஒருவன் சொல்லும் சொல் போதாது. மலையடிவாரத்து ஊர்களிலும், கடற்கரைக் குப்பங்களிலும், பள்ளி மைதானம் உள்ள இடந்தோறும் இத்தகைய பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்கள் கேட்கும் கேள்விக்கு அருகிலிருந்து விடை சொல்ல ஆட்கள் வேண்டும். இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுள் சிலரேனும் அப்பணிக்கு வருவீர்கள் என்று நம்புகிறேன்.